வரப்போரத்து வல்லாரை

பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம் வட்டாரத்தில் வல்லாரையை யாரும் விதைத்து வளர்க்க வேண்டியதில்லை. மடையில் கசிவு இருந்தால் போதும். தென்னந்தோப்பு வாய்க்காலோரம் கொஞ்சம் நிழலும் கிடைத்துவிட்டால், தரையே தெரியாதபடி மூடிவிடும்.

விதையை நம்பி அது உட்கார்ந்திருப்பதில்லை. தாய்ச்செடியிலிருந்து மெல்லிய தண்டு தரையோடு ஓடும். கணு மண்ணைத் தொட்ட இடத்தில் கீழே வேர், மேலே இலைக்கொத்து. அங்கிருந்து அடுத்த ஓட்டம். ஒரு கணு காய்ந்த மேட்டில் மாட்டிக்கொண்டால், ஈரத்தில் நிற்கும் கணு தண்டு வழியே தண்ணீர் அனுப்பிக் காப்பாற்றும். நிழலில் நிற்பதற்கு வெயிலில் நிற்பது உணவு தரும். தண்டை அறுத்துவிட்டாலும் இரண்டும் தனித்தனியே பிழைத்துக்கொள்ளும். ஒரு வரப்பில் எத்தனை செடி என்று கேட்டால் தாவரவியலாளரே கொஞ்சம் யோசிப்பார்.

இலையைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள், இதன் சொந்தங்கள் கொத்தமல்லி, சீரகம், பெருங்காயம். இலைக்கடியில் ஒளிந்திருக்கும் பொடிப் பூக்கொத்துதான் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பரீட்சை நெருங்கினால் நம் வீடுகளில் வல்லாரைத் துவையல் அரைப்பார்கள். ஞாபகசக்திக்கு இது உதவும் என்பதற்கான மனித ஆய்வுகள் சிறியவை. முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. புண் ஆறும் விஷயத்தில் சான்று அதைவிட வலுவானது. மடகாஸ்கர் வல்லாரையிலிருந்து 1940களில் ஏசியாட்டிகோசைடு என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். தோலில் கொலாஜன் நெய்யும் செல்களை அது தூண்டிவிடுகிறது; காயம் மூடப் புதுத் திசு சேர்கிறது. கொரியாவிலிருந்து வரும் ‘சிகா’ முகப்பூச்சுகளில் இருப்பதும் இந்தச் செடியின் சாறுதான். செடி ஏசியாட்டிகோசைடை நமக்காகத் தயாரிக்கவில்லை. இது சபோனின் வகைப் பொருள். பூஞ்சையையும் பூச்சியையும் விரட்டுவதே இவ்வகைப் பொருள்களின் வேலை. வல்லாரையின் கசப்பிலும் இதற்குப் பங்குண்டு. துவையலில் புளியைத் தாராளமாக வைப்பவர்களின் அனுபவத்தை நான் மதிக்கிறேன்.

வல்லாரையை மாத்திரையாக நாள்கணக்கில் விழுங்கிய சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. கீரையாக எப்போதாவது தின்பது வேறு கதை. ஆனால் எங்கே பறித்தது என்பதைக் கட்டாயம் பாருங்கள். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் மண்ணிலோ தண்ணீரிலோ இருந்தால் வல்லாரை அவற்றை உறிஞ்சித் தனக்குள் சேர்த்துக்கொள்ளும். கழுவினால் போகாது. சாக்கடையோரம் எவ்வளவு செழிப்பாகக் கிடந்தாலும் தொடாதீர்கள். நல்ல இடத்திலிருந்து கணுவோடு ஒரு துண்டுத் தண்டு கொண்டுவந்து, குழாயடித் தொட்டியில் ஊன்றுங்கள். வீட்டுக்கு வேண்டிய கீரை அதிலேயே கிடைக்கும்.