சாக்லேட்டும் ஹிஸ்டமின் தாளாமையும்

பொள்ளாச்சிப் பகுதியின் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராக வளர்கிறது. கர்நாடக, கேரளப் பாக்கு விவசாயிகளுக்காக 1973-ல் தோன்றிய காம்ப்கோ கூட்டுறவுச் சங்கம், 1986-ல் புத்தூரில் சாக்லேட் தொழிற்சாலையையே நிறுவியது. கூட்டுறவோடு இத்துணை உறவுடைய இப்பண்டம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. தின்ற சிறிது நேரத்தில் சிலருக்குத் தலைவலி, முகச் சிவப்பு, அரிப்பு, மூக்கடைப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றுகின்றன. வீட்டார் இதனை மனப்பிரமை என்று தள்ளிவிடுகின்றனர். அது முறையன்று.

காரணம் யாது? ஹிஸ்டமின் நம் உடலிலும் உண்டாகும், உணவிலும் வரும். உணவில் வருவதைச் சிறுகுடலிலுள்ள டயமின் ஆக்சிடேஸ் என்னும் நொதி சிதைக்கிறது. அந்நொதி குறைந்தவர்களிடம் வரவு மிகுந்து செலவு சுருங்குகிறது. இருப்பு ஏறித் தொல்லை தருகிறது. இதுவே ஹிஸ்டமின் தாளாமை.

கோகோ விதைகளைச் சதையோடு குவித்து ஐந்தாறு நாள் புளிக்க வைத்தால்தான் சாக்லேட்டின் மணத்திற்கு வித்திட இயலும். அப்புளிப்பில் நுண்ணுயிர்கள் ஹிஸ்டமின் முதலிய அமைன்களையும் உண்டாக்குகின்றன. எனினும் சாக்லேட்டில் ஹிஸ்டமின் பெரும்பாலும் சொற்பமே. நாட்பட்ட பாலாடைக்கட்டியில் அதனினும் மிகுதியாக இருக்கக்கூடும். மற்ற அமைன்களே தொல்லைக்குக் காரணமா என்பதில் மருத்துவர்கள் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. ஆகையால் பழியைச் சாக்லேட்டின் மீது மட்டும் சுமத்தல் ஆகாது. கருவாடு, தக்காளி, கத்தரிக்காய், மது ஆகியவற்றோடு ஒரே நாளில் தின்றால் எல்லாம் சேர்ந்தே கணக்கில் ஏறும்.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை:

1. உண்டது, உண்ட நேரம், தோன்றிய குறி ஆகியவற்றை ஏட்டில் நாள்தோறும் பதிக.

2. மருத்துவரின் ஆலோசனைப்படி சில வாரங்கள் ஐயத்திற்குரிய உணவுகளை நிறுத்தி, பின் ஒவ்வொன்றாகச் சிறிதளவு சேர்த்துப் பார்க்க. பலர் சிறு துண்டைத் தாங்குவர்.

3. வெள்ளைச் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் உண்டு, கோகோத் தூள் இல்லை. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. சாக்லேட்டில் கலந்துள்ள பால், வேர்க்கடலை, முந்திரி ஆகியவற்றால் வரும் ஒவ்வாமை வேறு; அது உயிருக்கே ஆபத்தாகலாம். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டில் மறுபடி சோதித்தல் கூடாது.

அச்சத்தால் உணவுகளை ஒன்றன்பின் ஒன்றாக விலக்குவதும் தவறே. தறியிலும் வயலிலும் உழைக்கும் உடலுக்குச் சத்து வேண்டும். கணக்குப் பார்த்து விலக்குவோம். கணக்கின்றி எதையும் விலக்க வேண்டா.