மணி ஏன் செருப்பைக் கடிக்கிறான்?

மரக்காணம் உப்பளத்தில் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாதல்லவா? அதனால் அப்பாவும் அம்மாவும் இருட்டிலேயே புறப்பட்டுவிடுவார்கள். பிறகு நீங்களும் பள்ளிக்குப் போய்விடுவீர்கள். பாட்டியோ அடுப்படியில். திண்ணையில் தனியாக மிஞ்சுவது நான்கு மாத நாய்க்குட்டி. அவனுக்கு மணி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

மாலையில் திரும்பினால், வாசலில் பாதிச் செருப்பு கிடக்கிறது! துளசிச் செடியின் அடியில் பெரிய பள்ளம். "இதைக் கொண்டுபோய் உப்பளத்துப் பக்கம் விட்டுட்டு வாடா" என்கிறார் பாட்டி.

அப்படி விட்டால் என்ன ஆகும்? உப்பளத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர்தான். குடிக்கத்தான் ஒரு வாய் கிடையாது. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பு விளையும் பாத்தி நீரிலோ அதைப்போல ஏழு மடங்குக்கு மேல்! தாகத்தில் அதைக் குடித்த குட்டிக்கு வாந்தியும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். எனவே மணியின் குறும்பைப் புரிந்துகொள்வது செருப்பைக் காப்பாற்ற மட்டுமல்ல, மணியைக் காப்பாற்றவும்தான்.

கடிப்பதற்குக் காரணம் என்ன?

நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள். நான்காவது மாதவாக்கில் இவை விழத் தொடங்கும். ஏழு மாதத்திற்குள் 42 நிலைப் பற்கள் முளைத்துவிடும். அந்த நாட்களில் ஈறு குறுகுறுக்கும். எதையாவது கடித்தால் சுகமாக இருக்கும்.

சரி, செருப்பை ஏன் தேடிப் பிடிக்கிறான்? அதில் உங்கள் வாசனை இருக்கிறது! நாய் உலகத்தை அறிவது பெரும்பாலும் மூக்கால்தான். நீங்கள் இல்லாதபோது உங்கள் வாசனையாவது கிடைக்கிறதே.

மூன்றாவது காரணம், வேலை இல்லாமை. ஓடவும் தோண்டவும் துடிக்கும் உடம்பு நாள் முழுவதும் சும்மா கிடக்குமா?

அடித்தால் திருந்துமா?

"திட்டியதும் தலையைக் குனிகிறானே, தப்பு செய்தது அவனுக்குத் தெரிகிறது" என்பீர்கள். அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைச் சோதித்தார். தின்பண்டத்தைத் தொடாதே என்று நாய்க்குச் சொல்லிவிட்டு, அதை வளர்ப்பவர் அறையைவிட்டு வெளியே போவார். திரும்பி வந்ததும், நாய் தின்றுவிட்டதா இல்லையா என்று அவரிடம் சொல்வார்கள். சில சமயம் வேண்டுமென்றே தவறாகச் சொல்வார்கள்! முடிவு என்ன தெரியுமா? திட்டு வாங்கிய நாய்கள்தான் 'குற்றவாளி' முகம் காட்டின. தப்பே செய்யாத நாயும் அப்படித்தான் விழித்தது. அந்த முகம் நம் கோபத்துக்குப் பதில். செய்த தப்புக்கு அல்ல.

காலையில் கடித்த செருப்புக்கு மாலையில் அடித்தால் மணி கற்பது ஒன்றே: 'இவர்கள் வீட்டுக்கு வந்தால் அடி விழும்.' நல்ல செயலைச் செய்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு இட்லி கொடுத்துப் பாருங்கள். அந்தச் செயலை அவன் மீண்டும் செய்வான்.

மணிக்கு வேலை கொடுங்கள்

பழைய வேட்டித் துணியை முறுக்கி, பெரிய முடிச்சாகப் போட்டுத் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள். ஈறுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். நூல் பிரிந்தால் மாற்றிவிடுங்கள், விழுங்கிவிடுவான். செருப்பைப் பரணில் வையுங்கள். பள்ளிக்குக் கிளம்புமுன் கால் மணி நேரம் விளையாடுங்கள். தோண்டுவதற்கென ஒரு மூலையில் மணலைக் குவித்து, உள்ளே துணி முடிச்சைப் புதைத்து வையுங்கள். கையைக் கடித்தால் கத்தாதீர்கள்; விளையாட்டை உடனே நிறுத்திவிடுங்கள். நிழலும் நல்ல தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். கருவாடு மட்டும் வேண்டாம், அதில் உப்பு அதிகம்.

செய்து பாருங்கள்

மூன்று கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து வையுங்கள். மணி பார்க்காதபோது ஒன்றின் கீழ் அவித்த முட்டைத் துண்டு ஒன்றை ஒளித்துவிட்டு, நீங்கள் மறைந்துகொள்ளுங்கள். முட்டை எங்கே என்று தெரியாத நண்பன் மணியை அவிழ்த்துவிடட்டும். தெரிந்தவர் நின்றால் அவர் கண் பார்வையே மணிக்குக் காட்டிக் கொடுத்துவிடும்! இடத்தை மாற்றி மாற்றி 12 தடவை செய்து, முதலில் எதைத் திறந்தான் என்று குறித்துக்கொள்ளுங்கள். குருட்டாம்போக்கில் தேடினால் ஏறக்குறைய 4 தடவைதான் சரியாக வரும். உங்கள் மணிக்கு எத்தனை? ஆட்டம் முடிந்ததும் கொட்டாங்குச்சிகளை எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் அரசு கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். எந்த நாயின் பல் பட்டாலும், நகம் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். விளையாட்டுக் கடிதானே என்று வீட்டில் மறைக்காதீர்கள். வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. உடனே ஊசி போட்டுக்கொண்டால் நோய் வராமல் தடுத்துவிடலாம்.

பத்து நாள் இப்படிச் செய்து பாருங்கள். பிறகு பாட்டியையும் கொட்டாங்குச்சி ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள். உப்பளத்துப் பேச்சைப் பாட்டி மறந்தே போவார்!