கடினத் தரையிறக்கம்: விமானியை ஏசுவதால் தீருமா?

2021 டிசம்பரில் கட்டான, கிம்புலாபிட்டிய பகுதியில் செஸ்னா 172 ரக விமானமொன்று அவசரமாகத் தரையிறங்கியது. அச்செய்தியைப் பலரும் அறிவர். ஆனால் ஓடுபாதையிலேயே நிகழும் கடினத் தரையிறக்கங்கள் பெரும்பாலும் செய்தியாவதில்லை. சக்கரங்கள் ஓங்கி மோதும்; விமானம் குலுங்கி நிற்கும்; பயணிகள் இறங்கிப் போய்விடுவார்கள். உண்மையான ஆபத்து அதன் பின்னரே தொடங்கலாம் என்பதுதான் எனது கவலை.

ஏன் இப்படி மோதுகிறது? ஓடுபாதைக்குச் சில அடிகள் மேலே வந்ததும் விமானி முகப்பை மெல்ல உயர்த்தி, கீழிறங்கும் வேகத்தைத் தணிப்பார். அதை அதிக உயரத்திலேயே செய்துவிட்டால் வேகம் குறைந்து, இறக்கைகள் தாங்கமாட்டாமல் விமானம் தொப்பென விழும். பிந்திச் செய்தால் முன்சக்கரம் முதலில் மோதும். வேகம் கூடியிருந்தால் விமானம் துள்ளும். துள்ளியதை அடக்க முகப்பைக் கீழே அமுக்கினால் அடுத்த மோதல் இன்னும் பலமாக இருக்கும்.

கண்ணும் ஏமாற்றும். பழகியதைவிட அகலமான ஓடுபாதையைப் பார்க்கும் விமானிக்கு, தான் உண்மையில் இருப்பதைவிடத் தாழ்வாக வந்துவிட்டதாகத் தோன்றும். அதனால் முகப்பை முந்தியே உயர்த்திவிடுவார்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. கல்முனை முதல் வினாயகபுரம் வரை கச்சான் காற்றை அறியாதவர் எம்மில் யாருமில்லை. அதுபோல் விட்டுவிட்டு வீசும் எதிர்காற்று, தரைக்கு அருகில் திடீரென ஓய்ந்தால், இறக்கைகளின் தூக்குவிசையும் அக்கணமே குறையும். முழுச் சுமையுடனும் ஏறக்குறைய 1,100 கிலோ மட்டுமே உள்ள செஸ்னா 172 போன்ற விமானத்தை அது எளிதில் ஆட்டிவிடும்.

கீழிறங்கும் வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். செஸ்னா 172 விமானத்தின் முன்சக்கரம் பலமாக மோதினால், இயந்திரத்துக்குப் பின்னுள்ள தகட்டுச் சுவர் நெளியக்கூடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. விமானி சொல்லாமல் விட்டால், அடுத்து ஏறுபவர்கள் அறியாமலே அந்தச் சேதத்துடன் பறப்பார்கள்.

எனவே இரண்டு விடயங்கள் அவசியம். இறக்கம் சரியாக அமையவில்லை என்றால், மீண்டும் மேலெழுந்து ஒரு சுற்று வந்து இறங்குவதே முறை. அதைத் திறமைக் குறைவாகப் பயணிகளாகிய நாம் எண்ணக்கூடாது. பலமாக மோதிவிட்டால், உடனே அறிவித்துப் பரிசோதிக்க வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பும், விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவதல்ல என்கிறது.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று விமானி அஞ்சும் இடத்தில் சேதம் மறைக்கப்படும். அந்த அச்சத்தை நீக்குவது நிறுவனங்களின் பொறுப்பு.