இதயம் எழுதும் கோடுகள் – 14: வலது கீழறையின் சுமை

வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியில், ஓய்வு நிலையில் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் அது நுரையீரல் மிகை இரத்த அழுத்தம். மைட்ரல் வால்வு சுருக்கம், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், கரையாமல் தங்கிய இரத்தக்கட்டி, பிறவி இதய ஓட்டை எனக் காரணங்கள் பல. ஈசிஜி இந்த அழுத்தத்தை அளப்பதில்லை. அழுத்தத்தை எதிர்த்து உழைத்த வலது இதயம் தடித்திருப்பதையும் விரிந்திருப்பதையும்தான் காட்டுகிறது.

இயல்பாக இடது கீழறையின் சுவரே தடிமனானது. அதனால் மின்விசையும் இடப்புறம் சாயும். வலது கீழறை தடிக்கத் தடிக்க அந்தச் சாய்வு மாறுகிறது. லீட் 1-இல் க்யூஆர்எஸ் கீழ்நோக்கியும் ஏவிஎஃப்-இல் மேல்நோக்கியும் இருந்தால் அச்சு +90 பாகையைத் தாண்டி வலப்புறம் திரும்பிவிட்டது என்று பொருள். கை லீடுகளை இடம் மாற்றிப் பொருத்தினாலும் லீட் 1 தலைகீழாகும். ஆனால் அப்போது அதே லீடில் பி அலையும் கவிழ்ந்திருக்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது வி1. இங்கே வழக்கமாக ஆர் சிறியது, எஸ் ஆழமானது. ஆர் அலை எஸ்ஸை விட உயர்ந்து 7 மி.மீ.யை எட்டினால், கூடவே வி5, வி6-இல் எஸ் ஆழமாக இருந்தால், வலது கீழறைத் தடிப்பு வலுவாகச் சந்தேகிக்கப்படும். குழந்தைகளுக்கு வி1-இல் உயரமான ஆர் இயல்பே. பெரியவர்களில் வலது கிளைத் தடை, இதயத்தின் பின்சுவர் மாரடைப்பு ஆகியவையும் இதே தோற்றம் தரும்.

லீட் 2-இல் பி அலை கூர்மையாக இரண்டரைச் சிறு கட்டத்துக்கு மேல் எழும்பினால் வலது மேலறை விரிந்திருக்கலாம். அதற்கு மாறாக, பி அலை மூன்று கட்ட அகலத்தில் இரட்டை முகடோடு இருந்து, அச்சும் வலப்புறம் திரும்பியிருந்தால் மைட்ரல் சுருக்கத்தை நினைக்க வேண்டும். இடது மேலறை விரிந்திருக்க, சுமை நுரையீரல் வழியே வலது கீழறைக்குப் போயிருக்கிறது.

அதிகம் ஏமாற்றுவது டி அலை. வி1 முதல் வி4 வரை டி கவிழ்ந்து எஸ்டி தாழ்ந்திருந்தால் முன்சுவருக்கு இரத்தம் போதவில்லை என்றே முதலில் தோன்றும். வலது அச்சும் வி1-இல் உயர்ந்த ஆரும் சேர்ந்திருந்தால், லீட் 2, 3, ஏவிஎஃப்-இலும் டி கவிழ்ந்திருந்தால், வலது கீழறையின் திணறலே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நுரையீரல் அடைப்பு நோயில் காற்று தேங்கி நெஞ்சு உப்பியிருப்பதால் அலைகள் குட்டையாகி, தடிப்பு மறைந்துவிடலாம். ஆரம்ப நிலையிலோ ஈசிஜி முற்றிலும் இயல்பாகவே இருக்கக்கூடும். எனவே காரணம் புரியாத மூச்சுத்திணறல் உள்ளவருக்கு இயல்பான ஈசிஜி நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. எக்கோ அழுத்தத்தை மதிப்பிடும். வலது இதயத்துக்குள் கதீட்டர் செலுத்தி அளப்பதே நோயை உறுதிசெய்யும்.