கைமாறி வாழும் மலர்

கோடைக்கானலிலோ உதகையிலோ மலைச்சரிவின் ஓடைக்கரை வழியாக அந்தி நேரத்தில் நடந்து சென்றவர்கள், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த ஒரு புதர்மரத்தில், நாதசுரத்தின் அணசை வெள்ளைத் துணியில் தைத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டாற்போல, ஒரு சாணுக்கு மேற்பட்ட நீளமுள்ள பூக்கள் வரிசை வரிசையாகத் தொங்குவதைக் கண்டிருப்பார்கள். பகல் வேளையில் அருகில் சென்று முகர்ந்தாலும் சொல்லும்படியான மணம் இராது; ஆனால் வெயில் இறங்கி மலைமுகட்டில் இருள் கவியத் தொடங்கியதும், யாரோ மூடியைத் திறந்துவிட்டது போல ஒரு கனத்த பரிமளம் புறப்பட்டு ஓடைக்கரை முழுவதையும் நிரப்பிவிடும். நம்மவர் இதைப் பார்த்த மாத்திரத்தில் "ஊமத்தை" என்று சொல்லிவிட்டு மேலே நடந்துவிடுவது வழக்கம். ஆங்கிலம் பேசுவோர் இதற்கு ஏஞ்சல்ஸ் டிரம்பெட், அதாவது தேவதையின் எக்காளம், என்று பெயரிட்டார்கள். தாவர சாஸ்திரத்தில் இதன் பெயர் புருக்மான்சியா.

நம்மவர் சொல்வது முழுத் தவறு என்று தள்ளிவிடுவதற்கில்லை. சிவபெருமான் சடையில் சூடும் ஊமத்தையும் இந்தச் செடியும் கத்தரி, தக்காளி, புகையிலை ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பங்காளிகள். 1753-இல் லின்னேயஸ் என்ற தாவர அறிஞர் தாவரங்களுக்கெல்லாம் பெயர் சூட்டியபோது இதையும் ஊமத்தை இனத்திலேயே சேர்த்து, மரமாக வளரும் ஊமத்தை என்ற பொருள்படப் பெயர் வைத்தார். 1805-இல் பெர்சூன் என்ற அறிஞர் இதைத் தனி இனமாகப் பிரித்து, ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் பேராசிரியராக இருந்த புருக்மான்ஸ் என்பவரின் நினைவாகப் புருக்மான்சியா என்று அழைத்தார். எனினும், இரண்டும் ஒன்றா வேறா என்ற வழக்கு அதற்குப் பின்னும் நெடுங்காலம் நடந்து, 1973-இல் டாம் லாக்வுட் என்ற ஆராய்ச்சியாளர் தக்க காரணங்களைத் தொகுத்து எழுதிய பிறகே ஒருவாறு ஓய்ந்தது. சாமானியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய வித்தியாசம் எளியது: ஊமத்தையின் பூ வானத்தை நோக்கி நிமிர்ந்திருக்கும், காயில் பெரும்பாலும் முள் இருக்கும், செடியும் சில பருவங்களில் மடிந்துவிடும்; புருக்மான்சியாவின் பூ பூமியை நோக்கித் தொங்கும், காயில் முள் இராது, தண்டு முற்றி மரமாகிப் பல்லாண்டு நிற்கும்.

இதன் தாயகம் தென் அமெரிக்கா. ஏழு ஜாதிகள் உண்டென்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றை வளர்ப்போர், குளிர் நாடுவன, வெப்பம் பொறுப்பன என்று இரண்டு வர்க்கங்களாகப் பிரித்துப் பேசுவார்கள். ஆண்டிஸ் மலையின் உயர்ந்த பிரதேசங்களில் வளரும் குளிர் வர்க்கத்தில் சங்குவினியா என்ற ஜாதி விசேஷமானது. சிவப்பும் மஞ்சளும் கலந்த அதன் குழாய்ப் பூவுக்கு மணமே கிடையாது. மணத்தினால் இரவு நேரத்து அந்துப்பூச்சிகளை அழைக்கும் பெரும்பாலான ஜாதிகளைப் போலன்றி, இது நிறத்தினால் பகல் நேரத்து ஹம்மிங் பறவைகளை அழைக்கிறது; அவற்றுள்ளும், தன் உடலைக் காட்டிலும் நீண்ட அலகையுடைய வாளலகு ஹம்மிங் பறவையே இந்த ஆழமான குழாயின் அடிவரை எட்டித் தேனுண்ண வல்லது. நம் மலைகளிலும், உலகத்தின் வெப்ப நாடுகள் பலவற்றிலும் பரவியிருப்பவை வெப்ப வர்க்கத்தைச் சேர்ந்தவை. பிரேசிலின் தென்கிழக்குப் பகுதியிலிருந்து வந்த சுவாவியோலன்ஸ் அவற்றுள் முதன்மையானது.

இத்தனை நாடுகளில் இத்தனை தோட்டங்களில் பூத்துக் குலுங்கும் இந்தச் செடியைப் பற்றி ஒரு செய்தி உண்டு; கேட்பவர் யாரும் அதை முதலில் நம்பமாட்டார்கள். இயற்கை வளங்களின் நிலையைக் கணக்கிடும் சர்வதேசச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், புருக்மான்சியாவின் ஏழு ஜாதிகளும் "இயற்கைச் சூழலில் அழிந்தவை" என்றே 2014-இல் குறிக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுப் புழக்கடையிலும் வேலியோரத்திலும் ஓடைக்கரையிலும் மனிதன் வைத்ததும் அவன் வைத்ததிலிருந்து ஒடிந்து வேரூன்றியதும் உண்டே தவிர, மனிதன் கை படாமல் தானே முளைத்துத் தானே பெருகி வாழும் காட்டுக்கூட்டம் எங்கும் காணப்படவில்லை. இதன் காயை விரும்பித் தின்று விதையைத் தூரதூரமாய்க் கொண்டு சென்ற ஏதோ பெரிய விலங்கு முற்காலத்திலேயே மறைந்துபோயிருக்க வேண்டும் என்பது சாஸ்திரிகளின் ஊகம். இன்று இந்தச் செடிக்கு அந்த விலங்கின் ஸ்தானத்தில் நிற்பவன் தோட்டக்காரன். அண்டை வீட்டாருக்கு முருங்கைப் போத்து ஒடித்துக் கொடுப்பது போல ஒருவர் மற்றொருவருக்கு இதன் போத்தைக் கொடுத்து வந்ததனாலேயே இது பிழைத்திருக்கிறது.

அந்தக் கொடையின் மிகப் பழைய சாட்சி, தெற்குக் கொலம்பியாவில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள சிபுந்தோய் பள்ளத்தாக்கு. அங்கு வாழும் கம்சா, இங்கா என்னும் பழங்குடிகளின் வைத்தியர்கள், தம் குடிசையை ஒட்டிய தோட்டங்களில் இச்செடியின் விசித்திர வடிவங்களை ஒவ்வொன்றாய்ப் பெயரிட்டுப் பேணி, போத்து மூலமாகவே தலைமுறை தலைமுறையாய்க் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். இலை புழு அரித்தாற்போல் இருக்கும் ஒரு வகைக்கு அவர்கள் வழங்கும் பெயர் ஒரு கம்பளிப்பூச்சியின் பெயர். இலை நாடாவைப் போல ஒடுங்கி நீண்டிருக்கும் மற்றொரு வகைக்குக் கூலெப்ரா, அதாவது பாம்பு, என்று பெயர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு எவன்ஸ் ஷுல்டெஸ் என்ற தாவர நிபுணர் அந்தப் பள்ளத்தாக்குக்குச் சென்று இந்தக் கூலெப்ராவைக் கண்டபோது திகைத்துப் போனார். மற்றவற்றில் ஒரே குழலாய் இருக்க வேண்டிய பூ, இதில் அடிவரை கிழிந்து தனித்தனி இதழ்களாய்த் தொங்கியது. இலையும் வேறு, பூவும் வேறு. ஆகவே இது தனி இனமாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்த அவர், 1955-இல் மெதிஸ்டிகோடெண்ட்ரான் என்ற புத்தம்புதிய இனப்பெயரைச் சூட்டி உலகுக்கு அறிவித்தார். அது புதிய இனமன்று, புருக்மான்சியாவே தன் உருமாறி நின்ற ஒரு வடிவம் என்பது பிற்பாடு தெளிவாயிற்று.

அமேசான் காடுகளில் ஆண்டுக்கணக்காய் அலைந்த மேதைக்கே ஒரு விசித்திரச் செடியின் முன் இவ்வாறு கண் பிசகியது என்றால், ஞாயிற்றுக்கிழமை மாலையில் மண்வெட்டி எடுக்கும் நம்மைப் போன்ற பொழுதுபோக்குத் தோட்டக்காரர்கள் அவசரப்பட்டுப் பெயர் வைப்பது எத்தனை ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இச்செடிக்கு ரசிகர் கூட்டம் பெரிது. பனிக்காலத்தில் தொட்டியோடு தூக்கிக் கண்ணாடி வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றி, இரண்டு ஜாதிகளை மணமுடித்துப் புதுக் கலப்புகளை உண்டாக்கி, அவற்றுக்குப் பெயர் சூட்டிப் பதிவும் செய்கிறார்கள். பூவுக்குள் பூ செருகினாற்போன்ற அடுக்குப் பூக்கள், வெள்ளை விளிம்பு கட்டிய இலைகள், வெள்ளையாய் மலர்ந்து இரண்டொரு நாளில் இளஞ்சிவப்பாய் மாறும் பூக்கள் என்று அபூர்வங்களுக்குக் குறைவில்லை. ஆனால் கலப்பின் மேல் கலப்பாய்ப் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், கையிலுள்ள செடியின் வம்சத்தைப் பூவின் நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட எவராலும் முடியாது. ஒரே செடி குளிர்ந்த மாதத்தில் அழுத்தமான நிறத்தோடும், வெயில் மாதத்தில் வெளிறியும் பூக்கும். முதற்பூவை வைத்துத் தீர்ப்புச் சொல்வது, பெண்பார்க்கும் அன்று கேட்ட ஒரு பாட்டை வைத்துப் பெண்ணின் சங்கீத ஞானத்தை அளப்பது போலத்தான்.

ஆகவே அனுபவசாலிகள் நிறத்தைக் கடைசியாகவும், மற்ற இலட்சணங்களை முதலிலும் பார்க்கிறார்கள். பூவைத் தாங்கி நிற்கும் பச்சைப் புல்லிவட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நுனி சிறு சிறு பற்களாய்ப் பிளந்திருந்தால் சுவாவியோலன்ஸ் வழியையும், ஒரே பக்கம் மட்டும் கீறி வாழை மடல் போல் நீண்டிருந்தால் வெர்சிகலர் அல்லது ஆர்போரியா என்னும் ஜாதியின் வழியையும் ஐயுறலாம். அடுத்து, பூவைக் கையால் தாங்கி உள்ளே பார்த்தால், மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிய கற்றையாக இருப்பது சுவாவியோலன்ஸின் குறி. புல்லிவட்டத்தைத் தாண்டியும் பூவின் ஒடுங்கிய குழல் வெகுதூரம் நீண்டு, பூ நூல் பிடித்தாற்போல் நேர்கீழாகத் தொங்குமானால், அரை மீட்டர் வரையிலும் பூ நீளக்கூடிய வெர்சிகலரின் இரத்தம் அதில் ஓடுகிறது எனலாம். தோட்டங்களில் மிகுதியாய் வழங்கும் கேண்டிடா என்பது ஆரியா, வெர்சிகலர் என்னும் இரண்டு ஜாதிகளின் கலப்பு. இவற்றோடு மணம் உண்டா, எந்த வேளையில் புறப்படுகிறது, காய் உருண்டையா, நீண்டதா என்பவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு மூன்று பருவங்களுக்குக் குறித்து வைத்தவர் சொல்லும் முடிவுக்கு மதிப்பு உண்டு.

அபூர்வம் என்று நாம் மகிழ்வது சில வேளைகளில் வியாதியாகவும் இருக்கும். இலையில் வெள்ளையோ பால்மஞ்சளோ தெளிவான விளிம்போடு ஓடினால் அது செடியின் ஸ்வபாவமான நிறபேதம். இலை சுருங்கி, மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாய்க் குழம்பி, பூவிலும் கோடுகள் உடைந்து தோன்றினால் அது வைரஸ் நோயின் வேலை என்று சந்தேகிக்க வேண்டும். கொலம்பிய டதூரா வைரஸ் என்றே பெயர் பெற்ற ஒன்று இச்செடியில் பரவலாக உண்டு. அசுவினிப் பூச்சி அதைச் செடிக்குச் செடி எடுத்துச் செல்லும். நோயுற்ற தாய்ச்செடியிலிருந்து ஒடித்த போத்தோடு அது தோட்டத்துக்குத் தோட்டம் பயணம் செய்வதும் உண்டு. பங்காளிகளான தக்காளியும் புகையிலையும் அதற்குத் தப்புவதில்லை. சிபுந்தோயின் விசித்திர வடிவங்களிலும் சிலவற்றுக்கு இத்தகைய நோயே காரணமாயிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதியதுண்டு. அபூர்வச் செடியைப் பகிர்ந்துகொள்கிறோம் என்ற நல்லெண்ணத்தோடு அண்டை வீட்டாரின் தக்காளிப் பாத்திக்கு வியாதியைப் பரிசளிப்பது யாருக்கும் உவப்பாயிராது.

இனி, பகிர்ந்துகொள்ளும் முறை. பெரும்பாலான ஜாதிகள் தம் மகரந்தத்தால் தாமே கருவுறுவதில்லை. விதை வேண்டுமானால் வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். ஆகவே விதையிலிருந்து முளைப்பது தாயின் ஜாடையுள்ள பிள்ளையே அன்றித் தாயே அன்று. தாயை அப்படியே பெற வேண்டுமானால் போத்து ஒன்றே வழி. போத்து எடுக்கும் இடத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விதையிலிருந்து வந்த செடி முதலில் ஒற்றைத் தண்டாய் உயர்ந்து, ஒரு கட்டத்தில் கவண்கட்டை போல் இரண்டாய்ப் பிரியும். அந்தக் கவை தோன்றிய பிறகே பூக்கும். கவைக்குக் கீழே உள்ள இலையைப் பறித்துப் பார்த்தால், அதன் இரு பாதிகளும் காம்பில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து கூடும். கவைக்கு மேலே உள்ள இலையிலோ ஒரு பாதி சற்று மேலேயும் மறுபாதி சற்றுக் கீழேயும், பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையைப் போல, ஏற்றத்தாழ்வாய் முடியும். அப்படிப்பட்ட இலையுள்ள கிளையை நட்டால் அது சிறுசெடியாய் இருக்கும்போதே பூக்கும். கீழ்க்கிளையை நட்டால் மறுபடி உயர்ந்து கவை பிரியும் வரை காத்திருக்க வேண்டும். மரம் போல் நெடுந்தண்டு விரும்புவோருக்குக் கீழ்க்கிளையும், தொட்டியில் வளர்ப்போருக்கு மேல்கிளையும் பொருந்தும். கட்டைவிரல் பருமனில் ஒரு சாண் நீளத்துண்டை, ஒவ்வொரு செடிக்கும் நெருப்பிலோ ஸ்பிரிட்டிலோ சுத்தம் செய்த கத்தியால் அறுத்து, பெரிய இலைகளைக் கழித்து, நிழலில் ஈரமணலிலோ தண்ணீர்க் குவளையிலோ வைத்தால் சில வாரங்களில் வேர் விடும். பிறகு அதற்கு வேண்டியதெல்லாம் தாராளமான தண்ணீரும் எருவும்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வேர் முதல் விதை வரை இச்செடி முழுவதும் விஷம். ஊமத்தையில் உள்ள அதே அட்ரோபின், ஸ்கோபொலமைன் என்னும் சத்துக்கள் இதிலும் உண்டு. உட்கொண்டால் வாய் வறண்டு, நெஞ்சு படபடத்து, சித்தம் கலங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். கிளை வெட்டிய கையால் தெரியாமல் ஒரு கண்ணைக் கசக்கிவிட்டால் அந்தக் கண்ணின் பாவை மட்டும் விரிந்து நின்றுவிடும். செடியைத் தொட்டதைச் சொல்லாவிட்டால் வைத்தியர் அதை மூளைக்கோளாறு என்று அஞ்ச நேரும். குழந்தைகளும் ஆடுமாடுகளும் உள்ள வீட்டில் இதை வைப்பவர் வேலிக்கு உள்ளே எட்டாத இடத்தில் வைப்பதும், வெட்டியபின் சோப்புப் போட்டுக் கைகழுவுவதும் கட்டாயம்.

காட்டை இழந்துவிட்ட இந்தச் செடிக்கு இனி நம் தோட்டங்களே காடு. நாம் கொடுக்கும் போத்தே விதை. ஆகையால் அடுத்த முறை யாருக்கேனும் ஒரு போத்து கொடுக்கும்போது, அதோடு ஒரு சிறு சீட்டையும் கட்டிக் கொடுங்கள். யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டு நட்டது, பெயர் என்ன என்று அதில் எழுதுங்கள். பெயர் நிச்சயமாகத் தெரியாவிட்டால், ஊகத்தை எழுதாமல் "பெயர் தெரியாது" என்றே எழுதுங்கள். அதற்குக் கீழே "விஷச்செடி" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் உங்கள் கடமை தீர்ந்தது.