சூப்பர்சார்ஜர் பொருத்திய காரில் ‘மிஸ்ஸிங்’ வருகிறதா? காசைக் கொட்டும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

கலும்பாங் – இங்கிருந்து வடக்கே பெர்னாம் ஆற்றைத் தாண்டினால் தஞ்சோங் மாலிம். அங்குள்ள புரோட்டோன் தொழிற்சாலையில் இருந்துதான் 2004-இல் ஜென்-2 கார் சந்தைக்கு வந்தது. இன்று மலிவு விலையில் கிடைக்கும் அந்தப் பழைய கார்களை வாங்கி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சூப்பர்சார்ஜர் பொருத்திப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்கள் உண்டு. பொருத்திய சில வாரங்களில் பலர் சந்திக்கும் முதல் தொல்லை ‘மிஸ்ஸிங்’. அமைதியாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. எண்ணெயை அழுத்தி மிதித்தால் கார் உதறும், இழுவை விட்டுப் போகும்.

முன்னால் போகும் லாரியை முந்தும்போது இப்படி ஆனால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். இது காசு விஷயம் மட்டுமல்ல, உயிர் விஷயமும்கூட.

மிஸ்ஸிங் என்றால் என்ன?

நான்கு சிலிண்டர்களில் ஏதோ ஒன்றில் பெட்ரோல் கலந்த காற்று சரியாக எரியாமல் போவதுதான் மிஸ்ஸிங். எரிவதற்குப் பொறி, பெட்ரோல், காற்று, அழுத்தம் ஆகிய நான்கும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் உதறல்தான்.

டர்போ புகைக்காற்றின் வேகத்தில் சுழலும். சூப்பர்சார்ஜரோ இன்ஜினோடு பெல்ட்டால் இணைக்கப்பட்டு, காற்றை உள்ளே திணிக்கும். பூஸ்ட் மீட்டர் 0.5 பார் காட்டினால், உள்ளே போகும் காற்றின் அழுத்தம் வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஜென்-2 காரின் 1.6 லிட்டர் கேம்ப்ரோ இன்ஜின் சூப்பர்சார்ஜருக்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் கம்ப்ரெஷன் விகிதமே 10-க்கு 1. அதன்மேல் பூஸ்ட் ஏற்றும்போது, சாதாரணமாக ஓடியபோது மறைந்திருந்த சின்னக் குறைகள் எல்லாம் வெளியே வரும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எப்போது உதறுகிறது? நின்ற இடத்தில் உதறி, வேகம் ஏற ஏறச் சரியானால், எங்கோ ஒரு குழாயில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். பூஸ்ட் ஏறும்போது மட்டும் உதறினால் பொறியையும் பெட்ரோலையும் சந்தேகியுங்கள். மழைக்குப் பிறகு மட்டும் என்றால் பிளக் கேபிளிலோ காயிலிலோ ஈரம் இறங்கியிருக்கலாம்.

அடுத்து ஸ்கேனர். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0304 என்றால் நான்காவது. பி0300 வந்தால் கோளாறு ஒரே சிலிண்டரில் நிற்கவில்லை என்று பொருள். அப்போது பெட்ரோல் அழுத்தம், காற்றுக் கசிவு, டியூனிங் போன்ற பொதுவான காரணங்களைத் தேட வேண்டும்.

பொறி: செலவு குறைந்த இடம்

பூஸ்ட் ஏறிய சிலிண்டருக்குள் பொறி தாவுவது கடினம். சாதாரண இன்ஜினில் பிளக் இடைவெளி 1 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பூஸ்ட் உள்ள இன்ஜினுக்கு அதை 0.6 முதல் 0.7 வரை குறைப்பது வழக்கம். பல நேரம் இந்த ஒரு வேலையே உதறலை நிறுத்திவிடும். பிளக்கும் ஒரு படி ‘குளிர்ந்த’ ரகமாக இருப்பது நல்லது; என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த ரகம்.

கழற்றிய பிளக்கை நன்றாகப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் அங்கே பொறி விழவில்லை. வெள்ளையாக வெந்து, கொப்பளம் போல் இருந்தால் சூடு மிகுதி. பெட்ரோல் பற்றாமல் இருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வ் சீல்.

சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள காரில், சந்தேகப்படும் காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றுங்கள். ஸ்கேனரில் எண்ணும் கூடவே மாறினால் குற்றவாளி காயில்தான். இன்ஜின் ஓடும்போது கேபிளைக் கையால் பிடுங்கிச் சோதிக்கும் பழைய பழக்கம் வேண்டாம். அதில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட்.

பெட்ரோலும் காற்றும்

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். பழைய பம்ப்பும் சின்ன இன்ஜெக்டரும் மேல் வேகத்தில் ஈடுகொடுக்காமல் போகலாம். அழுத்த மீட்டரை மாட்டி, சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

வைட்பேண்ட் மீட்டர் காட்டுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். எரியாத சிலிண்டரில் இருந்து ஆக்சிஜன் அப்படியே வெளியேறும். மீட்டர் அதைப் பார்த்து “பெட்ரோல் குறைவு” என்று சொல்லும். உடனே பெட்ரோலைக் கூட்டினால் கோளாறு இன்னும் மோசமாகும்.

பெல்ட்டையும் பாருங்கள். வேகம் ஏறும்போது பூஸ்ட் இறங்கினால், பெல்ட்டைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருந்தால், அது நழுவுகிறது. காற்றழுத்தத்தை அளக்காமல் சுழற்சி வேகத்தை வைத்தே பெட்ரோல் ஊற்றும் டியூனிங் என்றால், அப்போது பெட்ரோல் மிகுந்து உதறல் வரும். அதுபோல, 1 பார் வரை மட்டும் அளக்கும் பழைய மேப் சென்சாருக்குப் பூஸ்ட் தெரியவே தெரியாது.

கடைசியில் கம்ப்ரெஷன்

மேலே சொன்ன எதிலும் குறை இல்லை என்றால் கம்ப்ரெஷன் சோதனை. பிளக் எல்லாவற்றையும் கழற்றி, இன்ஜெக்டர், காயில் இணைப்புகளைத் துண்டித்து, திராட்டலை முழுதாகத் திறந்து அளக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்தால், அதில் சிறிது இன்ஜின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கவும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட்.

நோய்க்கு மருந்து கொடுக்கும் முன் அதன் காரணத்தைத் தேடச் சொன்னவர் வள்ளுவர். பட்டறையிலும் அதே வரிசைதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால், கார் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறையும் நான்குக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் மிதிப்பதை நிறுத்தி, பாதுகாப்பாக ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போய் எரிந்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். பெட்ரோல் பற்றாமல் பூஸ்டில் ஓட்டினால் பிஸ்டனே உருகிவிடும். பிறகு மிஸ்ஸிங் பற்றிப் பேச இன்ஜின் இருக்காது.

இன்னொன்று: சாலையில் ஓடும் காரில் இத்தகைய மாற்றம் செய்ய ஜேபிஜே அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத காருக்கு விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கோரிக்கையிலும் சிக்கல் வரலாம். சூப்பர்சார்ஜருக்குக் காசு சேர்க்கும் தம்பிகள், அதோடு டியூனிங்குக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அந்தக் காசு இன்னும் கையில் இல்லையென்றால், சேரும் வரை காத்திருப்பதே இன்ஜினுக்கும் உங்களுக்கும் நல்லது.