‘10 லட்சம் சாப்பாடு நன்கொடை’ - உணவு நிறுவனங்கள் சொல்லும் இந்தக் கணக்கு உண்மையில் என்ன?

அமெரிக்காவில் ஒரு பெரிய உணவு நிறுவனம் தொண்டு அமைப்போடு கைகோக்கும்போது, “கஷ்டப்படும் குடும்பங்களுக்கு 10 லட்சம் சாப்பாடு” என்று அறிவிப்பு வரும். கேட்டதும் 10 லட்சம் பேருக்கு இலை போட்டுப் பரிமாறின மாதிரி தோணும். ஆனா கணக்கே வேற. என்னன்னு பார்க்கலாம்.

உணவு யார் கைக்குப் போகுது?

நிறுவனங்கள் நேரடியாக வீடு வீடாகக் கொடுப்பதில்லை. ‘ஃபுட் பேங்க்’ எனப்படும் பெரிய கிடங்குகளுக்கு அனுப்புகின்றன. அங்கே தரம் பிரித்து, சர்ச்சுகள், பள்ளிகள், உள்ளூர் உதவி மையங்கள் வழியாகக் குடும்பங்களுக்குப் போகிறது. முதல் ஃபுட் பேங்க், 1967-ல் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கியது. இன்று ‘ஃபீடிங் அமெரிக்கா’ அமைப்பின் கீழ் சுமார் 200 ஃபுட் பேங்குகள் இயங்குகின்றன.

ஒரு சாப்பாடு என்றால் எவ்வளவு?

இங்கேதான் விஷயம் இருக்கு. ஃபீடிங் அமெரிக்கா கணக்கில் 1.2 பவுண்டு, அதாவது சுமார் 544 கிராம் உணவுப் பொருள்தான் ஒரு ‘சாப்பாடு’. ஆனா இறைச்சி நிறுவனங்கள் பெரும்பாலும் சுமார் 113 கிராமை ஒரு ‘பரிமாறல்’ என்று கணக்கிடுகின்றன. ஒரே 30,000 பவுண்டு இறைச்சியை (சுமார் 13.6 டன்) முதல் கணக்கில் சொன்னால் 25,000 சாப்பாடு. இரண்டாவது கணக்கில் 1,20,000 பரிமாறல். பொருள் ஒன்றுதான், தலைப்பில் வரும் எண் மட்டும் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு!

‘ஒரு பாக்கெட் வாங்கினால் ஒரு சாப்பாடு’

இப்படி விளம்பரம் வந்தால் நிறுவனம் கொடுப்பது பெரும்பாலும் 10 சென்ட்தான். 1 டாலரில் 10 சாப்பாடு என்பது ஃபீடிங் அமெரிக்கா சொல்லும் கணக்கு. இது ஏமாற்று வேலையா? இல்லை. உணவில் பெரும்பகுதி நன்கொடையாகவே வந்துவிடுவதால் லாரி, குளிர்பதனக் கிடங்கு, ஊழியர் செலவுக்குத்தான் பணம் அதிகம் தேவைப்படுகிறது.

நிறுவனத்துக்கு என்ன லாபம்?

நல்ல பெயர் கிடைக்கும், குப்பையில் கொட்டும் செலவும் மிச்சம். அதோடு வரிச் சலுகையும் உண்டு. நல்லெண்ணத்தோடு கொடுத்த உணவால் பிரச்சனை வந்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு தரும் சட்டமும் 1996-ல் வந்தது. அப்பட்டமான அலட்சியத்துக்கு அதில் விலக்கு கிடையாது.

இது போதுமா?

போதாது. ஃபுட் பேங்குகள் ஒரு சாப்பாடு கொடுத்தால், ‘ஸ்னாப்’ எனும் அரசின் உணவு உதவித் திட்டம் ஒன்பது கொடுக்கிறது என்று ஃபீடிங் அமெரிக்காவே சொல்கிறது. அரசு உதவி கொஞ்சம் குறைஞ்சாலும் அதை நன்கொடையால் ஈடுகட்டுவது கஷ்டம்.

அதுக்காக நிறுவனங்களின் உதவியைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாசக் கடைசியில் கிடைக்கும் ஒரு பை மளிகை, அந்த வீட்டுக்குப் பெரிய விஷயம். ஆனா அடுத்த முறை ‘இத்தனை லட்சம் சாப்பாடு’ என்று பார்த்தால் இதையும் தேடுங்க: எத்தனை கிலோ? எவ்வளவு பணம்? எத்தனை மாசத்துக்கு?